கடல் தாண்டி வந்த படம்

1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாகினி தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்நாட்டின் மிக உயரமான மலையான பிதுருதலாகலவின் உச்சியில், கடல் மட்டத்திலிருந்து 2,524 மீட்டர் உயரத்தில், அதன் முக்கிய டிரான்ஸ்மிட்டர்களில் ஒன்று இருந்தது. இலங்கை மக்களுக்காக வைத்ததுதான். ஆனால் மன்னார் வளைகுடாவுக்கு இந்தப் பக்கம், தூத்துக்குடியிலும் அதை ஒட்டிய கடலோர ஊர்களிலும், பலர் முதன்முதலில் டிவியில் பார்த்தது ரூபவாகினியின் படத்தைத்தான். சென்னையில் 1975 ஆகஸ்ட் 15-லேயே தொலைக்காட்சி நிலையம் வந்துவிட்டது. ஆனால் அதனால் தூத்துக்குடிக்கு ஒரு பயனும் இல்லை. இடையில் ஐநூறு கிலோமீட்டருக்கு மேல். பிதுருதலாகலவோ சுமார் 350 கிலோமீட்டர்.

350 கிலோமீட்டரும் சின்ன தூரமில்லை. பாடப்புத்தகக் கணக்கை மட்டும் நம்பினால் அந்தப் படம் தூத்துக்குடிக்கு வந்திருக்கவே கூடாது. வந்தது. எப்படி வந்தது என்று பார்த்துவிட்டால், வீட்டு ஆண்டெனாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி விளங்கிவிடும்.

முதலில் ஒரு நியாயமான சந்தேகம். தமிழ்நாடு முழுக்க இலங்கை வானொலியை ஒரு சாதாரண ரேடியோப் பெட்டியில் கேட்டார்களே, டிவிக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடு? மத்திய அலை ரேடியோவின் அலைநீளம் நூற்றுக்கணக்கான மீட்டர். அவ்வளவு நீண்ட அலை நிலத்தை ஒட்டி வளைந்தே போகும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடலின் மேல் அது இன்னும் வெகுதூரம் தாங்கும். இரவானால் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பி, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் இறங்கும். அக்காலத்து டிவி பயன்படுத்திய விஎச்எஃப் அலைவரிசை 47 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை. அலைநீளம் ஆறரை மீட்டரிலிருந்து ஒன்றேகால் மீட்டர் வரைதான். இந்த அலைகள் அயனமண்டலத்தைப் பெரும்பாலும் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். தரையிலோ, ஒளியைப் போல ஏறத்தாழ நேர்கோட்டில்தான் போகும். பூமி உருண்டை. ஆகவே ஒரு தூரத்துக்குப் பிறகு பூமியே மறைத்துக்கொள்ளும்.

அந்த தூரத்தைக் கணக்கிடுவது எளிது. டிரான்ஸ்மிட்டரின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை. 2,524-இன் வர்க்கமூலம் ஐம்பதை ஒட்டியது. பெருக்கினால் 207 கிலோமீட்டர். வீட்டு ஆண்டெனாவும் உயரத்தில் இருப்பதால் அதற்கும் தனியாக இதே கணக்கு: 16 மீட்டர் உயரக் குழாய் என்றால் இன்னொரு பதினாறரை கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் சுமார் 223. தூத்துக்குடி அதற்கும் 125 கிலோமீட்டர் அப்பால் இருக்கிறது.

இந்த 4.12 என்ற எண்ணிலேயே காற்றின் கைவரிசை இருக்கிறது. காற்றே இல்லாத பூமியாக இருந்தால் அங்கே 3.57 என்றுதான் போட வேண்டும். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. மெலிந்த காற்றில் ரேடியோ அலை மிகச் சிறிதளவு வேகமாகப் போகிறது. தேர் இழுக்கும்போது ஒரு வடத்துக்காரர்கள் முந்தி, மறு வடத்துக்காரர்கள் பிந்தினால், தேர் பிந்தியவர்கள் பக்கம் திரும்பும் அல்லவா? அலைமுகப்பின் மேல்பகுதி முந்த, கீழ்ப்பகுதி பிந்த, அலை மெதுவாகப் பூமியின் பக்கம் சாய்கிறது. சாதாரண நாளிலேயே இந்தச் சாய்வு ரேடியோ அடிவானத்தைக் கண்ணுக்குத் தெரியும் அடிவானத்தைவிட ஏறத்தாழ 15 சதவீதம் தள்ளி வைத்துவிடுகிறது.

மன்னார் வளைகுடாவில் எல்லா நாளும் சாதாரண நாளாக இருப்பதில்லை. தூத்துக்குடியிலிருந்து பிதுருதலாகலவுக்கு ஒரு நேர்கோடு போட்டால், அது 200 கிலோமீட்டருக்கு மேல் கடலின் மேலேயே போய், சிலாபத்தை ஒட்டி இலங்கைக் கரையில் ஏறுகிறது. தமிழ்நாட்டு நிலத்தில் காய்ந்து சூடான காற்று கடலின் மேல் நகரும்போது, அடியில் கடலை ஒட்டிய காற்று குளிர்ந்து ஈரம் நிறைந்து கிடக்கும். மேலே வறண்ட வெப்பக்காற்று மூடி போட்டதாகப் படியும். வழக்கமாக மேலே போகப் போகக் குளிர வேண்டிய காற்று இங்கே தலைகீழாக இருக்கிறது. ஈரக்காற்றிலிருந்து வறண்ட காற்றுக்கு மாறும் அந்த மெல்லிய அடுக்கில், அலையின் வேகம் சட்டென்று மாறுகிறது. அலை கடுமையாக வளைகிறது. வளைவு பூமியின் வளைவுக்கு ஈடாகிவிட்டால், அலை கடலுக்கும் அந்த அடுக்குக்கும் நடுவே சிக்கி, சிதறாமல் வெகுதூரம் ஓடும். காற்று ஓய்ந்த, வானம் தெளிந்த மாலைகளிலும் அதிகாலைகளிலும் இந்த நிலைமை நன்றாக அமையும். பலத்த காற்றும் மழையும் அடுக்குகளைக் கலைத்துவிடும். மழை பெய்தால் ரூபவாகினி மங்கியதற்குக் காரணம் மழைத்துளிகள் இல்லை. விஎச்எஃப் அலைக்கு மழைத்துளி ஒரு பொருட்டே இல்லை. கடலின் மேல் விரிந்திருந்த காற்றடுக்கு கலைந்ததுதான் காரணம்.

இப்படி அடுக்கு அமையாத நாளிலும் சிக்னல் முற்றிலும் அற்றுப்போவதில்லை. பூமியின் விளிம்பைச் சுற்றிக் கொஞ்சம் கசியும். மேலே காற்றில் உள்ள சிறு சிறு கொந்தளிப்புகளில் பட்டுக் கொஞ்சம் சிதறி இறங்கும். மிகச் சொற்பம், ஆனால் எப்போதும் ஏதோ இருக்கும். அந்தச் சொற்பத்தைப் பிடித்துப் படமாக்குவதற்காகத்தான் இத்தனை உயரக் குழாயும் இத்தனை நீள ஆண்டெனாவும்.

யாழ்ப்பாணத்தில் இதே விஷயம் எதிர்த்திசையில் நடந்தது. கொடைக்கானலில் தூர்தர்ஷனின் உயர்சக்தி டிரான்ஸ்மிட்டர் வந்த பிறகு, சுமார் 280 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து யாழ்ப்பாணத்து வீடுகள் மேற்கு நோக்கி ஆண்டெனாவைத் திருப்பித் தமிழ் நிகழ்ச்சிகளைப் பார்த்தன. அதே கொடைக்கானல் தூத்துக்குடிக்கு 180 கிலோமீட்டர்தான்; மலையின் உயரத்தால் அடிவானத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. அதனால் தூத்துக்குடி வீடுகளில் ஒரே குழாயில் இரண்டு ஆண்டெனா வைக்கும் பழக்கம் வந்தது: ஒன்று தென்கிழக்கே இலங்கையைப் பார்க்கும், இன்னொன்று வடமேற்கே மலையைப் பார்க்கும். இரண்டையும் ஒயரை முறுக்கி ஒன்றாக்கி டிவிக்குக் கொடுத்தவர்கள் இரண்டு படத்தையும் கெடுத்துக்கொண்டார்கள். ஓர் ஆண்டெனா பிடித்த சிக்னல் மற்றதன் வழியாகத் திரும்ப வெளியே போய்விடும். மற்றது தன் பக்கத்து இரைச்சலை உள்ளே சேர்க்கும். இரண்டு ஒயரையும் தனித்தனியே இறக்கி ஒரு சுவிட்சில் மாற்றிப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆண்டெனாவுக்கு வருவோம். மீன்முள்ளைப் போல இருக்கும் அந்த அலுமினிய அமைப்பு 1920களின் நடுவில் ஜப்பானின் செண்டாய் நகரில், தொஹோகு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஆய்வில் பெரும்பகுதி ஷின்தாரோ உதாவுடையது. அவருடைய பேராசிரியர் ஹிதேத்சுகு யாகி 1928-இல் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையால் உலகம் அதை யாகி ஆண்டெனா என்று அறிந்துகொண்டது. யாகி-உதா என்று சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

அதில் ஒயர் இணைத்திருப்பது ஒரே ஓர் உறுப்பில்தான்: ஒரு பெட்டியோடு இருக்கும், இரு முனையும் மடித்துச் சேர்த்த நீள்வளையம். அதன் நீளம் அலைநீளத்தில் ஏறத்தாழ பாதி. 4-ஆம் சேனலுக்கு அலைநீளம் நாலரை மீட்டரைத் தாண்டும்; எனவே வளையம் இரண்டேகால் மீட்டர் நீளம். 200 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய சேனலுக்கு முக்கால் மீட்டருக்கும் சற்றுக் குறைவு. குறுக்குக் கம்பியின் நீளத்தைப் பார்த்தே அந்த வீட்டில் எந்த நிலையத்தைப் பார்க்கிறார்கள் என்று தெருவில் நின்று சொல்லிவிடலாம். மற்றக் கம்பிகள் எதனோடும் இணைக்கப்படாதவை. பின்னால் இருப்பது சுமார் 5 சதவீதம் நீளம் கூடியது, முன்னால் இருப்பவை அதே அளவு குறைந்தவை. வரும் அலை இவை ஒவ்வொன்றிலும் சிறு மின்னோட்டத்தை எழுப்ப, ஒவ்வொன்றும் அந்த அலையைத் திரும்ப வெளியிடும். நீளம் கூடினால் அந்த மின்னோட்டம் சற்றுப் பிந்தும், குறைந்தால் முந்தும். முந்துவதையும் பிந்துவதையும் இடைவெளியோடு பொருத்தி அமைத்தால், முன்பக்கமிருந்து வருபவை வளையத்தில் ஒன்றோடொன்று கூடும். பின்பக்கமிருந்து வருபவை ஒன்றையொன்று அழிக்கும். மின்சாரமோ டிரான்சிஸ்டரோ இல்லாமல், வெறும் கம்பிகளின் நீளத்தாலும் இடைவெளியாலும் இது நடக்கிறது. பொறியியலில் இவ்வளவு குறைந்த பொருளில் இவ்வளவு பயன் தருபவை மிகக் கொஞ்சம்.

படம் சரியில்லையென்றால் கடைக்காரர் இன்னும் அதிகக் கம்பிகள் உள்ள ஆண்டெனாவைப் பரிந்துரைப்பார். பணத்தை அங்கே போடுவதைவிட உயரத்தில் போடுவது நல்லது. ஆண்டெனாவின் நீளத்தை இரட்டித்தால் பிடிக்கும் சக்தி மிஞ்சிப்போனால் இரட்டிக்கும். திறந்தவெளியில், அடிவானத்தை ஒட்டிய தூரங்களில், உயரத்தை இரட்டித்தால் வோல்டேஜே ஏறத்தாழ இரட்டிக்கும். அதாவது சக்தி நாலு மடங்கு. தரையில் பட்டுத் தெறித்து வரும் அலை நேராக வரும் அலையை அழிக்கப் பார்க்கிறது. உயரம் கூடக் கூட இரண்டுக்கும் உள்ள பாதை வித்தியாசம் கூடி, அழிப்பது குறைகிறது. கடலோரத்தில் ஐம்பது, அறுபது அடிக் குழாய் வைத்து மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியவர்கள் இந்தச் சமன்பாட்டைப் படித்ததில்லை. பக்கத்து வீட்டுப் படத்தைப் பார்த்தார்கள், குழாயில் இன்னொரு துண்டு சேர்த்தார்கள். அந்த உயரத்தில் இரும்புக் குழாய் நிறுத்தினால் எர்த் போட்டே ஆக வேண்டும். குழாய் சாய்ந்தால் மின்கம்பியைத் தொடாத தூரமும் வேண்டும். இதில் கவனம் தப்பினால் உயிருக்கே ஆபத்து.

குழாயை நிறுத்திய பிறகு திருப்புகிற வேலை. மேலே ஒருவர், சன்னலோரம் ஒரு பையன்.

"தம்பி, இப்ப எப்படி இருக்கு?"

"புள்ளி புள்ளியாத்தான் இருக்குண்ணே."

"கொஞ்சம் தெக்க திருப்புறேன், பாத்துக்கோ."

"ஆங், வந்திருச்சு! நிறுத்துங்கண்ணே... அய்யோ, போயிருச்சு."

"நான் கையே வைக்கலியே!"

கை வைக்காமலேயே போனது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஐந்தாறு கம்பி உள்ள யாகி ஆண்டெனா முன்பக்கம் ஐம்பது பாகை அகலத்துக்குப் பார்க்கும். பத்து பாகை தவறித் திருப்பினாலும் குறைவது மிகச் சொற்பம், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கடலின் மேலுள்ள காற்றடுக்கு நகர்வதால், சிக்னல் தானாகவே சில நொடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் பல மடங்கு ஏறி இறங்கும். மேலே இருப்பவர் திருப்பியதால் படம் வந்தது என்று கீழே இருப்பவர்கள் நம்பிய பல நேரம், படம் தன் போக்கில்தான் வந்திருக்கும். வெகுதூர நிலையத்துக்கு, வரைபடத்தில் திசை பார்த்து ஒருமுறை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு நிறைய நேரம் காத்திருந்து பார்ப்பதுதான் சரியான முறை.

சிக்னல் மிகையாக வந்தாலும் தொல்லைதான். காற்றடுக்கு நன்றாக அமைந்த இரவுகளில், அதே சேனலில் ஓடும் வேறு தொலைதூர நிலையமும் சேர்ந்து நுழையும். அப்போது படத்தின் மேல் கிடைமட்டமாகப் பட்டைகள் ஓடும். பழுது என்று நினைத்து டிவியைக் கடைக்குத் தூக்கிப் போவார்கள். அங்கே பகலில் போட்டுப் பார்த்தால் ஒன்றும் இருக்காது.

ஆண்டெனாவிலிருந்து டிவி வரைக்குமான பாதையில்தான் மிக அதிகமான படங்கள் கெட்டன. மடித்த வளையத்தின் மின்மறுப்பு ஏறத்தாழ 300 ஓம். தட்டையான பட்டை ஒயரும் 300 ஓம். அதனால் இரண்டும் நேராகப் பொருந்தும். புதிதாக, காய்ந்து இருக்கும்போது பட்டை ஒயரில் ஏற்படும் இழப்பு மெல்லிய கோஆக்சியல் கேபிளைவிடக் குறைவு. ஆனால் அதன் மின்புலம் ஒயருக்கு வெளியே பரவி நிற்கிறது. இரும்புக் குழாயோடு ஒட்டி டேப் சுற்றினால் போச்சு. உப்பளக் காற்று ஒயரின் மேல் உப்புப் படலமாகப் படிந்து, பனியில் நனைந்தாலும் போச்சு. அதே படலம் ஆண்டெனாப் பெட்டிக்குள் ஒயர் இணையும் டெர்மினலிலும் வேலை செய்யும்: அலுமினியமும் வேறு உலோகத் திருகும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு விரைந்து வரும். முதல் மழைக்குப் பிறகு படம் மங்கினால் முதலில் திறந்து பார்க்க வேண்டியது அந்தச் சின்னப் பெட்டியைத்தான். பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருக்கும். சுரண்டிச் சுத்தம் செய்து, வாசலின் தடவி, எம்-சீல் வைத்து அடைத்தால் படம் பளிச்சென்று திரும்பும். பணம் செலவில்லாத இந்த வைத்தியத்தை விட்டுவிட்டுச் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்கியவர்கள் ஏராளம்.

பூஸ்டரைப் பற்றிய மயக்கம் இன்றும் தீரவில்லை. எந்தக் கடத்தியிலும் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் ஆடிக்கொண்டே இருக்கின்றன. 75 ஓம் சுற்றில், ஒரு டிவி சேனலின் அகலத்துக்கு, அந்த ஆட்டம் ஏறத்தாழ ஒரு மைக்ரோவோல்ட் இரைச்சலைத் தருகிறது. திரையில் பொரியும் புள்ளிகள் அதுவும், டிவியின் முதல் டிரான்சிஸ்டர் தன் பங்குக்குச் சேர்ப்பதும்தான். ஆண்டெனா ஒரு மில்லிவோல்ட் கொடுத்தால் சிக்னல் அதைவிட ஆயிரம் மடங்கு, படம் சுத்தம். சில பத்து மைக்ரோவோல்ட்தான் கொடுத்தால் புள்ளிகளுக்கு நடுவே முகம் தேட வேண்டும். பூஸ்டர் சிக்னலையும் இரைச்சலையும் ஒரே அளவில் பெருக்கி, தன் இரைச்சலையும் கொஞ்சம் சேர்க்கும். டிவிக்குப் பின்னால் அதை வைத்தால் எதுவும் மாறாது. 30 மீட்டர் மெல்லிய கேபிள், 200 மெகாஹெர்ட்ஸில் சிக்னலின் பாதிக்கு மேற்பட்ட சக்தியை வழியிலேயே விழுங்கிவிடுகிறது. அந்த இழப்புக்கு முன்பே, குழாயின் உச்சியில், ஆண்டெனாவை ஒட்டிப் பெருக்கினால் மட்டும்தான் பயன். நல்ல பூஸ்டர்கள் இரண்டு பெட்டியாக வருவது இதனால்தான்: பெருக்கி மேலே, பவர் சப்ளை கீழே, இரண்டுக்கும் நடுவே சிக்னல் இறங்கும் அதே கேபிளில் மின்சாரம் ஏறும். ஆண்டெனா பிடிக்காமல் விட்டதை எந்த மின்னணுக் கருவியாலும் பிறகு உண்டாக்க முடியாது. படம் எப்படியிருக்கும் என்பது கூரைக்கு மேலேயே முடிவாகிவிடுகிறது.

நகரத்து வீட்டில் பிரச்சினை வேறு. சிக்னல் தாராளம்; ஆனால் கட்டடங்களில் தெறித்து இரண்டு மூன்று பாதைகளில் வரும். ஒவ்வோர் உருவத்துக்கும் வலப்பக்கம் மங்கலாக ஒரு நிழல் நிற்கும். இந்த நிழலை அளந்தே அதன் காரணத்தைக் கண்டுபிடிக்கலாம். பழைய படக்குழாய் டிவியில் ஒரு கோட்டை இடமிருந்து வலமாக வரைய 52 மைக்ரோவினாடி ஆகும். 20 அங்குல டிவியின் திரை அகலம் 40 சென்டிமீட்டர். ஆக ஒரு மைக்ரோவினாடிக்கு 8 மில்லிமீட்டர் கொஞ்சம் குறைய. அதே ஒரு மைக்ரோவினாடியில் ரேடியோ அலை 300 மீட்டர் போய்விடும். நிழல் 8 மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால், தெறித்து வந்த அலை 300 மீட்டர் சுற்றி வந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்து அளந்து, டிரான்ஸ்மிட்டர் இருக்கும் திசையையும் சேர்த்துப் பார்த்தால், எந்தத் தண்ணீர்த்தொட்டி, எந்த மாடிக்கட்டடம் குற்றவாளி என்று ஊகித்துவிடலாம்.

இங்கே ஆண்டெனாவைத் திருப்புவதற்கு உண்மையான பயன் உண்டு. யாகியின் முன்பக்கம் அகலமாகப் பார்த்தாலும், பக்கவாட்டில் சில குறிப்பிட்ட கோணங்களில் அதற்கு எதுவும் கேட்காது. அந்தச் செவிட்டுக் கோணத்தைத் தெறிப்பு வரும் கட்டடத்தின் பக்கம் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதற்காக டிரான்ஸ்மிட்டரைவிட்டு இருபது பாகை விலகிப் பார்க்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. சிக்னல் கொஞ்சம் குறையும், நிழல் போய்விடும்.

தூர்தர்ஷன் தன் அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டது. அமெரிக்காவில் பெரிய நிலையங்கள் 2009 ஜூனில் டிஜிட்டலுக்கு மாறின. பிரிட்டனில் 2012-இல் அனலாக் முடிந்தது. அங்கெல்லாம் வீட்டு ஆண்டெனா இன்றும் உயிரோடு இருக்கிறது. டிஜிட்டலில் புள்ளியும் இல்லை, நிழலும் இல்லை. இரைச்சலைவிடச் சிக்னல் போதிய அளவு மேலே இருக்கும்வரை படம் அப்பழுக்கில்லாமல் வரும். அந்த எல்லைக்குக் கீழே ஒரு சின்ன அளவு இறங்கினாலும் சதுரம் சதுரமாக உடைந்து, உறைந்து, போய்விடும். அனலாக்கில் சுத்தமான படத்துக்கு வேண்டியிருந்ததைவிட மிகக் குறைந்த சிக்னல் போதும் என்பது பெரிய லாபம். படம் மெல்ல மங்கி எச்சரிக்கை தராது என்பது நஷ்டம். திரையைப் பார்த்து ஆண்டெனாவைச் சரிசெய்ய முடியாது. செட் டாப் பாக்ஸின் மெனுவில் சிக்னலின் அளவு, தரம் என்று இரண்டு பட்டைகள் இருக்கும். பார்க்க வேண்டியது தரத்தை. அளவு நிறைய இருந்து தரம் குறைந்தால், பூஸ்டர் மிகையாகப் பெருக்குகிறது அல்லது தெறிப்பு மோசமாக இருக்கிறது. அப்போது பூஸ்டரைக் கழற்றிப் பார்க்கலாம். அறைக்குள் வைத்த சிறு ஆண்டெனா என்றால், கான்கிரீட்டுச் சுவரில் உள்ள இரும்புக் கம்பிகள் சிக்னலை மறைக்கும். டிரான்ஸ்மிட்டர் இருக்கும் பக்கத்துச் சன்னலுக்கு மாற்ற வேண்டும். அந்தச் சன்னலிலேயே அரை மீட்டர் இடவலமாக நகர்த்தினால்கூட, நேர் அலையும் தெறித்த அலையும் கூடுகிற இடம் கிடைத்துத் தரப்பட்டை ஏறக்கூடும்.